நீலத்தாள் நோட்டு

மேரி ஷெல்லியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' நாவலைப் படிக்காதவர்களுக்கும் அதில் வரும் உருவத்தைத் தெரியும். தட்டையான மண்டை, கழுத்தின் இருபுறமும் இரும்பு முளை, விறைத்த நடை, தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல். அவ்வளவுதான், பேச்சு கிடையாது. நாவலைத் திறந்தால் நிலைமை தலைகீழ். அங்கே அவன் பேசுகிறான். ஆல்ப்ஸ் மலையில் ஒரு குடிசைக்குள் கணப்பின் முன்னால் உட்கார்ந்து, தன்னை உண்டாக்கியவனிடம் ஆறு அத்தியாயங்களுக்குத் தன் கதையைச் சொல்கிறான். உலக இலக்கியத்தில் தனிமையைப் பற்றி இவ்வளவு தெளிவாக, இவ்வளவு நீளமாகப் பேசிய குரல்கள் அதிகமில்லை. அவனுக்குப் பெயர் கூட வைக்கப்படவில்லை. ஃப்ராங்கன்ஸ்டைன் என்பது அவனைச் செய்துவிட்டு ஓடிப்போனவனின் குடும்பப் பெயர்.

அந்தப் பேச்சு முதலில் எழுதப்பட்ட நோட்டுகள் இன்னமும் இருக்கின்றன. இரண்டு நோட்டுகள். ஒன்று வெளிர்நீலத் தாள், ஜெனீவாவில் வாங்கியதாகக் கருதப்படுவது. இன்னொன்று வெளிறிய பழுப்புநிறத் தாள், இங்கிலாந்தில் வாங்கியது. ஜெனீவாவில் தொடங்கி ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சொந்தமாக அவற்றுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின.

1816 கோடையில் தொடங்குகிறது இந்தக் கதை. முந்தைய ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துக் கிளப்பிய சாம்பல் வானத்தில் பரவியதால், ஐரோப்பாவுக்கு அந்த ஆண்டு கோடையே வரவில்லை. ஓயாத மழை. ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் வாடகைக்கு எடுத்திருந்த தியோதாத்தி மாளிகையில் சிலர் அடைந்து கிடந்தார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பைரன் சொன்னதும் அதிலிருந்து 'ஃப்ராங்கன்ஸ்டைன்' பிறந்ததும் பலர் கேட்ட கதை. அந்தக் கூட்டத்தை ஊர் எப்படிப் பார்த்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எதிர்க்கரை விடுதியில் தங்கியிருந்த ஆங்கிலேயப் பயணிகள் டெலஸ்கோப் வைத்து அந்த மாளிகையை வேவு பார்த்தார்கள். மனைவி இருக்கும்போதே வேறொருத்தியோடு வந்துவிட்ட கவிஞன் ஷெல்லி, அவனோடு ஓடிவந்த பதினெட்டு வயதுப் பெண் மேரி, ஊர் வாயில் விழுந்து நாடு விட்டு வந்த பைரன். வேடிக்கை பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்?

மேரி பிறந்த பதினோராம் நாளில் தாயார் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் இறந்துபோனார். 1814இல் ஷெல்லியோடு கிளம்பியதும் தகப்பனார் வில்லியம் காட்வின் வாசல் கதவைச் சாத்திவிட்டார். 1815 பிப்ரவரியில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரம் கூட அது தங்கவில்லை. அதன் பெயர் எங்கும் பதிவாகவில்லை. சில நாள் கழித்து மேரி தன் நாட்குறிப்பில் ஒரு கனவைக் குறித்து வைத்தார்: குழந்தை சாகவே இல்லை, உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான், கணப்பின் முன்னால் வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது. செத்த உடம்புக்கு உயிர் கொடுக்கும் கதையை ஒரு வருஷத்துக்குப் பிறகு எழுத உட்கார்ந்தவர் அந்தக் கனவைக் கண்டவர்தான். நாவலை விஞ்ஞான எச்சரிக்கையாக மட்டும் படிப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது முடிவதில்லை.

நீலத்தாள் நோட்டில் மேரி எழுதிய முறையே ஒரு சேதி சொல்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் அகலமாக இடம் விட்டிருக்கிறார். ஷெல்லி திருத்துவதற்கான இடம் அது. அவர் கை வைத்த இடங்களெல்லாம் மேரியின் வரிகளுக்கு மேலும் ஓரத்திலும் தெரிகின்றன. ஓரிடத்தில் மேரி ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டலில் தவறுகிறார். ஷெல்லி அதைச் சரிசெய்து, பக்கத்திலேயே வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரைப் போட்டுச் சீண்டுகிறார். சுமார் 72,000 சொற்கள் உள்ள நாவலில் நாலைந்தாயிரம் சொற்கள் ஷெல்லியுடையவை என்பது இந்த நோட்டுகளை ஆராய்ந்த சார்ல்ஸ் ராபின்சனின் கணக்கு. நாவலே ஷெல்லி எழுதியதுதான் என்று பல காலம் சாதித்தவர்களுக்கு இந்த ஓரங்களே பதில்.

செப்டம்பரில் நோட்டு இங்கிலாந்து வந்தது. மேரி பாத் நகரில் தங்கினார். லண்டனில் தங்க முடியாத நிலை. கூட இருந்த சித்தியின் மகள் கிளேர் வயிற்றில் பைரனின் குழந்தை, அது வெளியே தெரியக்கூடாது. ஷெல்லி அடிக்கடி வெளியூர் போனார். அக்டோபரில் மேரியின் தாய்வழிச் சகோதரி ஃபானி, ஸ்வான்சி ஊர் விடுதி ஒன்றில் விஷம் குடித்து இறந்தாள். அவள் எழுதி வைத்த கடிதத்தில் கையெழுத்து இருந்த இடம் கிழிக்கப்பட்டிருந்தது. டிசம்பரில் ஷெல்லியின் முதல் மனைவி ஹாரியட்டின் உடல் லண்டன் ஹைட் பார்க்கின் செர்ப்பன்டைன் ஏரியில் கிடைத்தது. இருபது நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மேரிக்கும் ஷெல்லிக்கும் கல்யாணம் நடந்தது. அதன் பிறகே காட்வின் மகளுக்குக் கதவைத் திறந்தார். இந்த மாதங்களில்தான் நோட்டுப் பக்கங்கள் மளமளவென்று நிரம்பின.

அப்போது எழுதப்பட்ட பகுதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊரார் கல்லெறிந்து துரத்திய அந்த ஜீவன், காட்டோரம் ஒரு குடிலை ஒட்டிய தாழ்ந்த கொட்டகைக்குள் ஒளிந்துகொள்கிறான். குடிலின் பழைய ஜன்னல் ஒன்று பலகை வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது. அதிலொரு சிறு இடுக்கு. அதன் வழியாக உள்ளே இருக்கும் குடும்பத்தைப் பார்க்கிறான். பார்வையற்ற கிழவர் தெலாசி, மகன் ஃபெலிக்ஸ், மகள் அகதா. முதலில் அவர்கள் சாப்பாட்டைத் திருடித் தின்கிறான். அவர்களே அரைப் பட்டினி என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு, காட்டில் கிடைக்கும் கிழங்கும் பழமும் போதும் என்று இருந்துகொள்கிறான். இரவில் ஃபெலிக்ஸின் கருவிகளை எடுத்துப்போய் விறகு வெட்டி வாசலில் அடுக்கி வைக்கிறான். காலையில் கதவைத் திறக்கும் அகதா திகைத்து நிற்கிறாள். ஃபெலிக்ஸ் அன்றைக்குக் காட்டுக்குப் போகவில்லை. வீட்டைப் பழுது பார்க்கிறான், தோட்டத்தைக் கொத்துகிறான். இடுக்கு வழியே இதைப் பார்க்கும் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். தான் செய்த வேலை ஒரு மனிதனின் பகல் பொழுதை மாற்றியிருக்கிறது என்பதுதான் அவனுக்குக் கிடைத்த முதல் உறவு.

பிறகு வெளிநாட்டிலிருந்து ஸாஃபி என்ற பெண் வருகிறாள். அவளுக்கு ஃபெலிக்ஸ் மொழி கற்றுக்கொடுக்க, சுவருக்கு இந்தப் பக்கம் இவனும் கற்றுக்கொள்கிறான். பேச்சு வந்தால் தன்னை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிறான். ஆனால் பேச்சோடு கூடவே அப்பா, அம்மா, பிறப்பு, சொத்து, குலம் என்பதெல்லாம் வந்து சேர்கின்றன. எனக்கு இவற்றில் எது இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளும் திறனும் வந்துவிடுகிறது. காட்டில் மொழியில்லாமல் திரிந்தபோது அவனுக்குப் பசியும் குளிரும் இருந்தன, தனிமை இல்லை. அடுத்த வீட்டு விளக்கொளியில் நாலுபேர் பேசிக்கொள்வதைக் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகுதான் அவன் தனியன் ஆகிறான். தனிமையை மேரி ஆளில்லாத பனிவெளியில் தேடிப் போகவில்லை. ஒரு பலகை இடுக்கின் அளவு தூரத்தில் வைத்துக் காட்டினார். நாவலில் இதற்கு ஈடான இடம் வேறு கிடையாது என்பது என் எண்ணம்.

மற்றவர்கள் வெளியே போன ஒரு நாள், துணிந்து உள்ளே போகிறான். கிழவருக்குக் கண் தெரியாது என்பதே அவன் நம்பிக்கை. வழிப்போக்கன் என்று சொல்லி உட்காருகிறான். கிழவர் காது கொடுத்துக் கேட்கிறார், தைரியம் சொல்கிறார். நாவல் முழுவதிலும் அவனிடம் யாரோ ஒருவர் பதறாமல் பேசுவது அந்த ஒருமுறைதான். சேதியை அவன் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் காலடிச் சத்தம். கிழவரின் கையைப் பற்றிக்கொண்டு காப்பாற்றும்படி கெஞ்சுகிறான். அகதா மயங்கி விழுகிறாள். ஃபெலிக்ஸ் தடியால் அடிக்கிறான். அவனைக் கிழித்துப் போட்டிருக்கக்கூடிய பலம் உள்ளவன் ஒன்றும் செய்யாமல் வெளியேறுகிறான். பின்னால் அவன் செய்யும் கொலைகளை மேரி எங்கும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கொலைகளுக்கு முன்னால் இந்தத் தடியடி இருக்கிறது.

இந்த நாவல் காகிதங்களால் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். தான் எப்படி உண்டாக்கப்பட்டோம் என்பதை அவன் அறிந்துகொள்வது, ஆய்வுக்கூடத்திலிருந்து போட்டுக்கொண்டு வந்த உடுப்பின் பையில் கிடந்த, அவனைச் செய்த விக்டர் ஃப்ராங்கன்ஸ்டைனின் நாட்குறிப்புத் தாள்களிலிருந்து. காட்டில் அவன் கண்டெடுத்த தோல்பெட்டியில் மூன்று புத்தகங்கள்: மில்டனின் 'இழந்த சொர்க்கம்', புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகள், கதேயின் 'வெர்தர்'. மேரி அந்த ஆண்டுகளில் படித்துக்கொண்டிருந்தவை இவை. ஸாஃபியின் கடிதங்களை நகலெடுத்துத் தன் கதைக்குச் சாட்சியாக விக்டரிடம் கொடுக்கிறான். இத்தனையும் நமக்கு வந்து சேர்வது வால்டன் என்ற கப்பல் தலைவன் தன் சகோதரிக்கு எழுதும் கடிதங்களாக. அவனும் நண்பன் ஒருவன்கூட இல்லையே என்று புலம்பிக்கொண்டு வடதுருவம் நோக்கிப் போகிறவன். விக்டர் சொல்லச் சொல்ல வால்டன் குறிப்பெடுக்கிறான். விக்டர் அந்தக் குறிப்புகளை வாங்கிப் பார்த்துத் தானே திருத்துகிறான், கூட்டுகிறான். அந்த ஜீவனின் பேச்சு அவனை வெறுப்பவன் வாய் வழியாக, அந்நியன் ஒருவன் கை வழியாக, பதில் நாவலில் வராத ஒரு பெண்ணுக்குப் போகிறது. அவன் பேச்சை அவனிடமிருந்தே நேராகக் கேட்கும் வாய்ப்பு வாசகருக்கு இல்லை, கடைசிப் பக்கங்களைத் தவிர.

அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் நோட்டு நமக்குக் காட்டும் மிக முக்கியமான திருத்தம் இருக்கிறது. விக்டர் இறந்து கிடக்கிறான். ஜீவன் கப்பல் ஜன்னல் வழியாகப் பனிப்பாளத்தில் குதித்துப் போய்விடுகிறான். மேரியின் கையெழுத்துப்படி, அலை அவனைக் கொண்டுபோக, வால்டன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். சற்று நேரத்தில் அவன் கண்ணுக்கு எட்டாமல் போகிறான். அச்சான புத்தகத்தில் வால்டனின் பார்வை எடுபட்டுவிட்டது. ஜீவன் இருட்டிலும் தூரத்திலும் மறைந்தான் என்பதோடு சரி. சுத்தப் பிரதியின் கடைசிப் பன்னிரண்டு சொச்சம் பக்கங்களை ஷெல்லி தன் கையால் எழுதினார், மாற்றம் அங்கே நேர்ந்தது. ஷெல்லியின் வாக்கியத்துக்கு ஓசை அதிகம். எனக்கு மேரியினுடையதுதான் வேண்டும். கண்டவரெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒருவனைக் கடைசியில் ஒரு மனிதன் கண்ணெட்டும் வரை பார்த்து நிற்கிறான் என்று எழுத அந்த இளம் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. அது திருத்தப்பட்டிருக்க வேண்டாம்.

சுத்தப் பிரதி எடுத்து முடித்தது 1817 மே மாதம், மார்லோ ஊரில். பதிப்பாளர் ஜான் மர்ரி வேண்டாம் என்றார், ஆலியர் வேண்டாம் என்றார். லாக்கிங்டன் நிறுவனம் ஏற்றது. 1818 ஜனவரி 1 அன்று மூன்று பாகங்களாக, 500 பிரதிகள். அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. பாராட்டி எழுதிய வால்டர் ஸ்காட், ஷெல்லிதான் எழுதியிருப்பார் என்று எண்ணிக்கொண்டார்.

பிறகு மேரியின் வாழ்க்கையே நாவலின் திசையில் போயிற்று. இத்தாலிக்குப் போனார்கள். 1818 செப்டம்பரில் வெனிஸில் மகள் கிளாரா இறந்தாள். 1819 ஜூனில் ரோமில் மகன் வில்லியம். நாவலில் கொல்லப்படும் சிறுவனுக்கும் வில்லியம் என்றே பெயர். எழுதும்போது மகன் மடியில் தவழ்ந்துகொண்டிருந்தான். 1822 ஜூலையில் ஷெல்லி கடலில் மூழ்கினார். மிஞ்சியது பெர்சி ஃபிளாரன்ஸ் என்ற ஒரே பிள்ளை. இத்தாலியை விட்டுக் கிளம்புமுன், ஜெனோவாவில் தாமஸ் என்ற சீமாட்டிக்கு 1818 பதிப்பின் ஒரு பிரதியைத் தன் கைத் திருத்தங்களோடு கொடுத்தார். அது இப்போது நியூயார்க் மார்கன் நூலகத்தில் இருக்கிறது.

1823 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் வந்து இறங்கியபோது ஊரே அவர் கதையைப் பேசிக்கொண்டிருந்தது, நாடகமாக. ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் எழுதியது, ஜூலை 28 முதல் நடந்துகொண்டிருந்தது. மேரி நேரில் போய்ப் பார்த்தார். நடிகர் பட்டியலில் ஜீவனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. டி. பி. குக் என்ற நடிகர் உடம்பெல்லாம் நீலம் பூசிக்கொண்டு நடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுகிறவனை ஊமையாக்கிய காரியம் அங்கே தொடங்கியது. 1931இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்திலும் போரிஸ் கார்லோஃப் உறுமத்தான் செய்தார். தொடக்கப் பெயர்ப் பட்டியலில் அவர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறி. கார்லோஃபின் கண்களில் இருக்கும் தவிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பேச்சைப் பிடுங்கிவிட்டால் அவனுக்கு அஞ்சலாம், இரங்கலாம். அவனோடு வாதாட முடியாது. மேரி எழுதியது வாதாடத் தெரிந்த ஒருவனை.

நாடகத்தின் ஓட்டத்தைப் பார்த்து 1823இலேயே இரண்டாம் பதிப்பு வந்தது. இங்கிலாந்தில் மேரியின் பெயர் அட்டையில் ஏறியது அப்போதுதான். அடுத்த ஆண்டு நாட்குறிப்பில் தன்னை, அன்புக்குரிய ஓர் இனத்தில் மிஞ்சிய கடைசி ஆளாக எழுதிக்கொண்டார். அப்போது வயது இருபத்தாறு. 1831இல் நாவலைத் திருத்தி முன்னுரையோடு ஒற்றைப் பாகமாக வெளியிட்டார். விக்டரின் தவறுகளில் விதியின் கை கூடியிருக்கிறது அந்தப் பதிப்பில். அத்தனை சாவுகளைக் கண்டவர் அப்படி எழுதியதில் வியப்பில்லை.

நோட்டுகள் வீட்டோடு இருந்தன. 1851 பிப்ரவரி 1 அன்று மேரி இறந்தபின் மகன் பெர்சியும் மருமகள் ஜேனும் தென்கரையோரம் பாஸ்கோம்பில் தங்கள் மாளிகையில் குடும்பக் காகிதங்களை ஒரு தனி அறையில் பூஜைப் பொருள்போலக் காத்தார்கள். ஆனால் அங்கே கொலுவிருந்தது கவிஞன் ஷெல்லிதான். ஜேன் சீமாட்டி தன் கடைசிக் காலத்தில் காகிதங்களைப் பிரித்தார்: ஒரு பங்கு ஆக்ஸ்ஃபோர்ட் போட்லியன் நூலகத்துக்கு, மற்றவை வாரிசுகளுக்கு. 'ஃப்ராங்கன்ஸ்டைன்' நோட்டுகள் இருந்த பங்கு, அவர் எடுத்து வளர்த்த பெண் வழியாக ஆபிங்கர் பிரபு குடும்பத்துக்குப் போனது. வழியில் எங்கேயோ தைப்பு பிரிந்து நோட்டுகள் உதிரித் தாள்களாகிவிட்டன. சில தாள்கள் காணாமலும் போயின. 1970களில் ஆபிங்கர் பிரபு அவற்றைப் போட்லியனில் பாதுகாப்புக்கு வைத்தார். 2004இல் அந்தக் குடும்பக் காகிதங்கள் முழுவதையும் நூலகம் 38.5 லட்சம் பவுண்டு திரட்டி வாங்கியது.

உதிரித் தாள்களை மறுபடி நோட்டாகக் கோத்தவர் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் ராபின்சன். எந்தத் தாளுக்கு எது அடுத்தது என்பதைக் கிழிந்த ஓரங்களையும் பசைத் தடங்களையும் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய மைக் கறைகளையும் வைத்துக் கண்டறிந்தார். 1996இல் ஒவ்வொரு பக்கத்தின் படத்தோடும் இரண்டு பெரிய தொகுதிகள் வெளிவந்தன. 2008இல் அவர் செய்தது அதைவிடத் துணிச்சலானது: ஷெல்லியின் கையை நீக்கிவிட்டு, மேரி எழுதியதை மட்டும் தனிப் பிரதியாக அச்சிட்டார். பனிப்பாளத்தில் போகிறவனை வால்டன் பார்த்து நிற்கும் வாக்கியம் சாதாரண வாசகர் கைக்கு அப்படித்தான் வந்தது.

2013 அக்டோபர் 31 முதல் நோட்டுப் பக்கங்கள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. காசு இல்லை, பதிவு இல்லை. மேரியின் எழுத்தை மட்டும், அல்லது ஷெல்லியின் எழுத்தை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். நாவலைப் புதிதாக எடுப்பவர்களிடம் 1818 பதிப்பின் இரண்டாம் பாகத்தை, மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எட்டு முடிய, முதலில் படிக்கச் சொல்கிறேன். கதையின் தொடக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விக்டர் அவனைப் பற்றி என்ன சொல்கிறான் என்று கேட்பதற்கு முன்னால் அவன் பேசி முடித்திருக்க வேண்டும்.